கேமரா, லென்ஸ், எடிட்டிங் மென்பொருள்: காசு கொடுப்பதற்கு முன் எப்படி ஒப்பிடுவது?

"ஒரு லட்ச ரூபாய் வைத்திருக்கிறேன், சோனியா கேனனா?" என்று கேட்பவர்களுக்கு நான் நேராகப் பதில் சொல்வதில்லை. அந்தக் கேள்வியில் லென்ஸ் இல்லை, ஃப்ளாஷ் இல்லை, எடுத்த படத்தை எந்த லேப்டாப்பில் எதை வைத்துத் திறக்கப் போகிறார் என்பதும் இல்லை. பாடியை (லென்ஸ் இல்லாத வெறும் கேமராவை) இன்னொரு பாடியோடு மட்டும் ஒப்பிட்டு யூடியூப் பார்த்து வாங்கியவர்கள்தான் ஆறு மாதத்தில் ஓஎல்எக்ஸில் "அவசர விற்பனை" என்று போடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது மொத்த செட்டை. அதையும் உங்கள் படங்களை வைத்து ஒப்பிட வேண்டும், கம்பெனிக்காரன் கொடுக்கும் மாதிரிப் படங்களை வைத்து அல்ல.

வீட்டு விசேஷங்கள், அப்படியே கிடைக்கும் சின்னச் சின்னக் கல்யாண ஆர்டர்கள், நடுவில் கொஞ்சம் ஊர் சுற்றல் என்று எடுக்கப் போகிற ஒருவரை மனதில் வைத்து எழுதுகிறேன். பட்ஜெட் அளவானது, அதனால் பெரும்பாலும் ஏபிஎஸ்-சி சென்சார்தான் (சென்சார் என்பது படத்தைப் பதியும் தகடு, ஏபிஎஸ்-சி ஃபுல் ஃபிரேமை விடச் சின்ன அளவு). பறவை எடுப்பவருக்கும் ஸ்டுடியோ வைப்பவருக்கும் எண்கள் மாறும், வரிசை மாறாது.

படி 1: பழைய படங்களை முதலில் கிளறுங்கள்

இப்போது கையில் எது இருந்தாலும் சரி, கேமராவோடு சேர்ந்து வந்த பழைய கிட் லென்ஸோ நண்பரிடம் ஒரு நாள் வாங்கிய கேமராவோ, அதில் எடுத்த படங்களை டிஜிகாம் போன்ற இலவச மென்பொருளில் போட்டு எந்த ஃபோக்கல் லெங்த்தில் (லென்ஸில் எழுதியிருக்கும் மி.மீ. எண், சின்னதென்றால் அகலம், பெரிதென்றால் நெருக்கம்) அதிகம் எடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். 18-55 லென்ஸில் பாதிப் படங்கள் 18-லேயே நின்றால் உங்களுக்கு அகலம் போதவில்லை என்று அர்த்தம். எல்லாம் 55-ல் முட்டி நின்றால் இன்னும் நெருங்கப் பார்க்கிறீர்கள். ஐஎஸ்ஓவையும் (வெளிச்சம் குறையும்போது கேமரா ஏற்றிக்கொள்ளும் எண், ஏற ஏற நாய்ஸ் என்ற புள்ளிகள் கூடும்) பாருங்கள். பாதிக்கு மேல் 3200, 6400 என்று இருந்தால், பாடியை மாற்றுவதற்கு முன் லென்ஸைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கையில் கேமராவே இல்லை என்றால் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் சினிமாவுக்குக் கொடுக்கும் வாடகைக் கடைகள் நிறைய உண்டு, சின்ன கேமராக்களும் அங்கே கிடைக்கும். மற்ற ஊர்களில் ஆல்பம் போடும் லேபில் கேட்டால் யாரையாவது கைகாட்டுவார்கள். ஒரு நாள் வாடகை கொடுப்பது வீண் செலவு மாதிரி தோன்றும். ஐம்பதாயிரத்துக்குத் தவறான லென்ஸ் வாங்குவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

படி 2: லென்ஸ்தான் முதலில், பாடி அப்புறம்

"50 எம்எம் 1.8 வாங்கு, போர்ட்ரெய்ட் அள்ளும்" என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் எங்கே நின்று எடுப்பீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஃபுல் ஃபிரேம் சென்சார் 36×24 மி.மீ. சோனி, நிகான், ஃபுஜி ஏபிஎஸ்-சி சுமார் 23.5×15.6. கேனனுடையது இன்னும் கொஞ்சம் சின்னது, 22.3 மி.மீ. அகலம். அதனால்தான் 50 எம்எம் அவற்றில் 75, 80 மாதிரி நடந்துகொள்கிறது. இதை அடிக்கணக்கில் பாருங்கள். நின்றுகொண்டிருக்கும் ஒருவரைத் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு, இரண்டு மீட்டர் உயரம் வருவது போல கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுக்க வேண்டும் என்றால், 50 எம்எம்மில் ஏறக்குறைய 14 அடி பின்னால் போக வேண்டும். 35 எம்எம்மில் 10 அடி போதும். உங்கள் வீட்டு ஹாலில் 14 அடி இருக்கிறதா? மண்டப மேடையில் ஐயருக்கும் வீடியோக்காரருக்கும் நடுவில் நின்றுகொண்டு 14 அடி பின்னால் போக முடியுமா? மேடையிலிருந்து விழ வேண்டியதுதான்.

விசேஷங்களுக்கு நான் முதலில் சொல்வது எஃப் 2.8 ஜூம். எஃப் எண் என்பது லென்ஸின் திறப்பு, அதாவது அப்பர்ச்சர், எண் சிறியதானால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும். கிட் லென்ஸ் நீட்டும்போது 5.6-க்கு, சிலவற்றில் 6.3-க்கே போய்விடும். 5.6-க்கும் 2.8-க்கும் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இருமடங்கு) வித்தியாசம், அதாவது அதே வெளிச்சத்தில் அதே ஷட்டரில் ஐஎஸ்ஓ 6400 வேண்டிய இடத்தில் 1600 போதும். புதுப் பாடி வாங்கி இவ்வளவு வித்தியாசத்தைப் பார்க்க முடியாது.

அந்த வகையில் பலரும் ஒப்பிடுவது சிக்மா 18-50, டாம்ரான் 17-70 இரண்டையும். சிக்மா 300 கிராமுக்குள் அடங்கிவிடும், ஆனால் உள்ளே ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சமன் செய்யும் வசதி) கிடையாது. டாம்ரானில் உண்டு, நீட்டமும் அதிகம், எடை 525 கிராம். உங்கள் பாடியிலேயே ஸ்டெபிலைசேஷன் இருந்தால் சிக்மா, இல்லாமல் கையில் பிடித்து வீடியோவும் எடுப்பீர்கள் என்றால் டாம்ரான். லென்ஸும் பாடியும் சேர்ந்துதான் முடிவாக வேண்டும் என்பதற்கு இதுவே நல்ல உதாரணம். விமர்சனங்களில் இரண்டின் கூர்மையைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும், ஆல்பத்தில் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

படி 3: மவுண்ட் என்ற கல்யாணம்

மவுண்ட் என்பது பாடியில் லென்ஸ் பூட்டும் வாய். பாடியை மாற்றலாம், மவுண்டை மாற்றினால் லென்ஸ் எல்லாம் போகும். அதனால் இங்கே அவசரப்படக் கூடாது.

கேனன் ஆர்எஃப் மவுண்ட் 2018-ல் வந்தது. பல வருடம் வெளிக் கம்பெனிகளின் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களுக்குக் கதவைச் சாத்தியே வைத்திருந்தார்கள். 2024-ல்தான் ஏபிஎஸ்-சிக்கு மட்டும் சிக்மாவையும் டாம்ரானையும் உள்ளே விட்டார்கள். சோனி ஈ மவுண்ட் 2010-லிருந்து இருப்பதால் செகண்ட் ஹேண்டில் லென்ஸ் அள்ளலாம். ஃபுஜி எக்ஸ் 2012, நிகான் இசட் 2018. நீங்கள் வாங்க நினைக்கும் லென்ஸ் அந்த மவுண்டுக்கு வருகிறதா என்று லென்ஸ் கம்பெனியின் தளத்திலேயே போய்ப் பாருங்கள், கடைக்காரர் "வரும் சார், அடுத்த மாசம் வரும்" என்று சொல்வதை நம்ப வேண்டாம்.

பழைய லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். கேனன் இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் ஆர்எஃப் பாடியில் நன்றாகவே வேலை செய்யும், ஆகவே அவற்றை அவசரமாக விற்க வேண்டாம். நிகானில் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் இருந்தால், அவை டி3500, டி5600 போன்ற பாடிகளிலும் சரி, எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக இசட் பாடிகளிலும் சரி, ஆட்டோஃபோகஸ் ஆகாது. இதைச் சொல்லாமலேயே "நிகான் லென்ஸ், எல்லா நிகானுக்கும் சேரும்" என்று விற்பார்கள். சேரும், கையால் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

கேனன் எம்50 மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படுபவர்கள் கவனியுங்கள்: அதன் இஎஃப்-எம் வரிசையை கேனன் நிறுத்திவிட்டது, அந்த லென்ஸ்களை ஆர்எஃப் பாடியில் போட வழி இல்லை. கிடைத்த லென்ஸோடு நிறுத்திக்கொள்வேன் என்றால் வாங்கலாம்.

படி 4: பாடியில் எதைப் பார்ப்பது

மெகாபிக்சலை ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம். 24 மெகாபிக்சல் என்றால் 6000×4000 புள்ளிகள். நம் ஊர்க் கல்யாண ஆல்பத்தில் 12×36 ஷீட் விரித்தால் ஒரு பக்கம் 12×18 அங்குலம். 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அதற்கு 5400×3600 வேண்டும். 24 போதும், மிச்சமும் இருக்கிறது.

நேரம் செலவழிக்க வேண்டியது ஃப்ளாஷ் ஷூவில், அதாவது கேமரா தலையில் ஃப்ளாஷ் மாட்டும் இடத்தில். பட்டியலில் "ஹாட் ஷூ: உண்டு" என்று ஒரு வரி போட்டுவிடுவார்கள், ஒப்பீட்டுத் தளங்களில் பச்சை டிக்கும் விழும். ஆனால் கேனன் 1500டி, 200டி மார்க் 2 இரண்டிலும் ஷூவின் நடுவில் இருக்க வேண்டிய அந்த வட்டப் புள்ளி கிடையாது. எல்லா ஃப்ளாஷுக்கும் "இப்போது அடி" என்று சொல்வது அந்தப் புள்ளிதான். அது இல்லாததால் சாதாரண ட்ரிகர்களும் (தள்ளி வைத்த ஃப்ளாஷை அடிக்க வைக்கும் கருவிகள்) மலிவு மேனுவல் ஃப்ளாஷ்களும் அடிக்கவே அடிக்காது, கேனனின் சொந்த மொழி பேசுபவை மட்டும்தான் ஓடும். ஆர்50-ல் வேறு கதை, அதில் புது வகை ஷூ, பழைய ஃப்ளாஷ் மாட்ட ஏடி-இ1 என்று ஓர் அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். ஆர்10-ல் அந்தத் தொல்லை இல்லை. கல்யாணம் எடுக்கப் போகிறவருக்கு ஆர்50, ஆர்10 இரண்டுக்கும் நடுவே இதுதான் முதல் வித்தியாசம். கையோடு உங்கள் ஃப்ளாஷை, ட்ரிகரைக் கடைக்கு எடுத்துப் போய் மாட்டி அடித்துப் பாருங்கள்.

அடுத்தது எல்ஈடி. இப்போது மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் எல்ஈடி வால் (சுவர் அளவு எல்ஈடி திரை) இல்லாத கல்யாணம் குறைவு. சைலன்ட் மோடில், அதாவது எலக்ட்ரானிக் ஷட்டரில், சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும். அதற்குள் விளக்கு பலமுறை அணைந்து எரிந்துவிடும், படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே சாதாரண விளக்குகளுக்கு 1/50, 1/100 ஷட்டர் வைத்தால் தப்பிக்கலாம். எல்ஈடி வாலுக்கு அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. கடையில் எப்படியும் எல்ஈடி விளம்பரப் பலகை ஒன்று இருக்கும். அதைப் பார்த்து 1/500-ல் மெக்கானிக்கலில் ஒன்று, எலக்ட்ரானிக்கில் ஒன்று எடுங்கள். இரண்டு பாடியில் இதையே செய்தால் எந்த ஸ்பெக் ஷீட்டிலும் கிடைக்காத ஒப்பீடு கைக்கு வந்துவிடும்.

பேட்டரியை அலட்சியம் செய்யாதீர்கள். சோனி இசட்வி-இ10, ஏ6400 எல்லாம் சின்ன எஃப்டபிள்யூ50 பேட்டரி, ஏ6700-ல் பெரிய எஃப்இசட்100. முகூர்த்தம் முழுக்க ஓட முதலாவதற்கு மூன்று பேட்டரியாவது எடுத்து வைப்பேன். அந்தக் காசையும் விலையோடு கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். இசட்வி-இ10-ல் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரே இல்லை, வெயிலில் கோயில் பிராகாரத்தில் நின்று எடுப்பவருக்கு இது பெரிய குறை. வீட்டுக்குள் வீடியோ மட்டும் எடுப்பவருக்குக் குறையே இல்லை.

படி 5: நியாயமான சோதனை

இரண்டு கேமராவை ஒப்பிடும்போது ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஒரே ஷட்டர், ஒரே அப்பர்ச்சர், ஒரே ஐஎஸ்ஓ. இரண்டிலும் ரா (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) எடுங்கள். ஜேபெக்கை வைத்து ஒப்பிட்டால் எந்தக் கம்பெனி எவ்வளவு ஷார்ப்பன் செய்து, எவ்வளவு நாய்ஸை வழித்து எடுத்திருக்கிறது என்பதைத்தான் பார்ப்பீர்கள். கணினியில் பார்க்கும்போது 24 மெகாபிக்சல் படத்தையும் 33 மெகாபிக்சல் படத்தையும் நூறு சதவீதத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள், பெரியது எப்போதும் மோசமாகத் தெரியும். இரண்டையும் ஒரே அளவுக்குச் சுருக்கிவிட்டுப் பாருங்கள். வீட்டிலிருந்தே முதல் கட்டமாகப் பார்க்க டிபிரிவ்யூ தளத்தின் ஸ்டுடியோ காட்சி ஒப்பீடு இன்றும் நல்ல கருவி, ஒரே காட்சியைப் பல கேமராக்களில் எடுத்து வைத்திருக்கிறார்கள், ரா கோப்புகளும் இறக்கிக்கொள்ளலாம்.

லென்ஸுக்கு ஹிந்து பேப்பரோ தினத்தந்தியோ நான்கு தாளைச் சுவரில் தட்டையாக ஒட்டி, கேமராவை நேர் எதிரே ஸ்டாண்டில் வைத்து, அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து எடுங்கள். நான்கு மூலையிலும் எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது அந்த லென்ஸின் குணம். ஒரு மூலை மட்டும் குழைந்திருந்தால், முதலில் கேமரா சாய்ந்திருக்கிறதா என்று பார்த்து மறுபடி எடுங்கள். அப்போதும் அதே மூலை என்றால் உள்ளே கண்ணாடி தள்ளி உட்கார்ந்திருக்கிறது, வேறு பீஸ் கேளுங்கள்.

அப்புறம் ஒரு சிவப்புப் பட்டுத்துணி. இதை எந்த வெளிநாட்டு விமர்சகரும் செய்து காட்ட மாட்டார். மஞ்சள் விளக்கில் அரக்குச் சிவப்புக் கூறைப்புடவையை எடுத்தால் சிவப்பு சேனல் மட்டும் தனியாக உச்சியில் முட்டி உடைந்துவிடும், மடிப்பெல்லாம் காணாமல் போய் ஒரே செவ்வண்ணத் திட்டாக நிற்கும். கேமராவின் சாதாரண வெள்ளை ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தில்) இது தெரியாது, ஏனென்றால் அது பெரும்பாலும் பச்சையைக் கணக்கெடுக்கிறது. ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம் காட்டும் வசதி இருக்கிறதா, அதை ஒரே பட்டனில் வரவழைக்க முடிகிறதா என்று பாருங்கள். துணியோடு யாருடைய முகத்தையாவது சேர்த்து எடுத்தால், ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் மாநிறத் தோல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

படி 6: செகண்ட் ஹேண்ட் என்றால்

கடற்கரை ஊர்களில் முதல் எதிரி ஃபங்கஸ். லென்ஸைக் கழற்றி, அப்பர்ச்சரைத் திறந்து, பின்பக்கமிருந்து போன் டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். தூசி புள்ளியாகத் தெரியும், ஃபங்கஸ் நூல் பிரிந்தது போலக் கிளைகிளையாகத் தெரியும். நாலு தூசி இருப்பதால் ஒன்றும் கெடாது. நூல் ஒன்று தெரிந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள், "கிளீன் பண்ணிக்கலாம் சார்" என்றால் முதலில் அவரையே பண்ணிக் கொடுக்கச் சொல்லுங்கள். சென்சாருக்கு, எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எடுத்தால் அழுக்கு கரும்புள்ளியாக வரும்.

ஷட்டர் கவுண்ட் (ஷட்டர் இதுவரை எத்தனை தடவை அடித்தது என்ற எண்) நிகானில் எளிது, கேமராவிலிருந்து நேராக வந்த ஜேபெக்கை எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் போட்டால் எண் வந்துவிடும். எடிட் செய்த படத்தில் அது அழிந்திருக்கலாம், அதனால் உங்கள் கார்டைப் போட்டு நீங்களே ஒன்று எடுங்கள். கேனன் மிரர்லெஸ்களில் இவ்வளவு சுலபமில்லை. அங்கே கிரிப் ரப்பர், பட்டன்களின் தேய்மானம், ஷூவின் பெயின்ட் ஆகியவற்றைப் பார்த்துத்தான் எடைபோட வேண்டும்.

படி 7: மென்பொருளையும் அதே கண்டிப்போடு

கேமராவுக்கு ஒரு மாதம் அலசுபவர்கள் மென்பொருளை ஐந்து நிமிடத்தில் முடிவு செய்கிறார்கள். கேமராவை விட அதிக நேரம் அதன் முன்னால்தான் உட்காரப் போகிறோம்.

வாடகைக் கேமராவில் எடுத்த ரா படங்களில் கஷ்டமானவையாக ஐந்து எடுங்கள்: ஒரு இருட்டு, ஒரு ஜன்னல் எதிர்வெளிச்சம், அந்தச் சிவப்புப் புடவை, நீல எல்ஈடியும் மஞ்சள் பல்பும் கலந்த மேடை, ஒழுங்காக வந்த ஒன்று. லைட்ரூம், கேப்ச்சர் ஒன், டிஎக்ஸ்ஓ ஃபோட்டோலேப் மூன்றுக்கும் சோதனைக் காலம் உண்டு, டார்க்டேபிளும் ராதெரப்பியும் முழுக்கவே இலவசம். எல்லாவற்றிலும் அதே ஐந்தை, ப்ரீசெட் (ஆயத்த கலர் செட்டிங்) போடாமல், முகம் சரியாக வரும் வரை செய்து பாருங்கள். அதன்பின் நூற்றுக்கணக்கான படங்களை மொத்தமாக ஏற்றி, அடுத்தது அடுத்தது என்று தள்ளிப் பாருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் உங்கள் லேப்டாப் ஒரு நொடி யோசித்தால், 1500 படத்தில் தேர்வு செய்வதற்குள் முதுகு போய்விடும். கல்யாண வேலையில் நேரம் போவது கலர் செய்வதில் இல்லை, பொறுக்குவதில்தான்.

வாங்கும் பாடியின் ராவை அந்த மென்பொருள் திறக்குமா என்பதைப் பெயர் சொல்லித் தேடுங்கள். ஒருமுறை காசு கொடுத்து வாங்கிய லைட்ரூம் 6-க்கு 2017 டிசம்பரோடு புதுக் கேமராக்கள் சேர்ப்பது நின்றது, கேனனின் சிஆர்3 கோப்பு 2018-ல் வந்தது, ஆகவே பழைய டிவிடியை வைத்துக்கொண்டு ஆர்50 வாங்கினால் அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டர் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். நிகான் புதுப் பாடிகளில் இருக்கும் ஹை எஃபிஷியன்சி ரா இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் இலவச மென்பொருள் பக்கம் அதற்கு ஆதரவு மெதுவாகத்தான் வருகிறது. டார்க்டேபிள்காரர்கள் லாஸ்லெஸ் கம்ப்ரெஸ்டு வைத்துக்கொள்வது நல்லது.

சந்தாவை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள். லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா முடிந்தாலும் படங்களைப் பார்க்கலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம், டெவலப், மேப் பகுதிகள் பூட்டிக்கொள்ளும். வேறு மென்பொருளுக்கு மாறினால் ஸ்டார், கீவேர்ட் எல்லாம் எக்ஸ்எம்பி (படத்தோடு சேரும் குறிப்புக் கோப்பு) வழியாகக் கூடவே வரும், நீங்கள் இழைத்து இழைத்துச் செய்த கலர் அப்படியே வராது. மலிவான 20 ஜிபி திட்டத்தை அடோபி 2025 ஜனவரியில் புதியவர்களுக்கு மூடிவிட்டது, பழைய வீடியோக்களில் சொல்லும் விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஃபோட்டோஷாப் மாதிரி ஒன்று மட்டும் வேண்டும் என்றால், அஃபினிட்டி 2025 அக்டோபரிலிருந்து கேன்வா கணக்கு இருந்தால் இலவசம், ஆனால் ஆயிரம் படத்தை அடுக்கி வைக்கும் வேலை அதில் இல்லை.

என் கருத்து: மாதம் ஓர் ஆர்டராவது வருகிறதென்றால் லைட்ரூம், மறுபேச்சில்லை. வீட்டுப் படங்கள் மட்டும் என்றால் கேனனின் டிபிபி, நிகானின் என்எக்ஸ் ஸ்டூடியோ போன்ற கம்பெனி மென்பொருளே இலவசமாக நல்ல கலர் கொடுக்கும், கொஞ்சம் மந்தமாக ஓடும். டார்க்டேபிள் எதையும் செய்யும், ஆனால் முதல் மாதம் அதைத் திட்டிக்கொண்டேதான் கற்க வேண்டும். லைட்ரூமின் ஏஐ டீநாய்ஸ் 2023-ல் வந்ததிலிருந்து அதற்காகவே மாறுகிறவர்கள் உண்டு, நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ஒரு படத்துக்கே பல நிமிடம் எடுக்கும். அதையும் உங்கள் லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்காமல் காசு கட்ட வேண்டாம்.

படி 8: கூட்டிப் பாருங்கள், பில் வாங்குங்கள்

ஒரு தாளில் பாடி, லென்ஸ், கூடுதல் பேட்டரி, ஃப்ளாஷும் ட்ரிகரும், வி30 (எழுதும் வேகத்தைச் சொல்லும் குறி) மெமரி கார்டு இரண்டு, ஹார்ட் டிஸ்க் இரண்டு, இரண்டு வருட மென்பொருள் சந்தா எல்லாவற்றையும் எழுதுங்கள். 24 மெகாபிக்சல் ரா ஒன்று 25-30 எம்பி, 1500 படம் என்றால் ஒரு விசேஷத்துக்கு 40 ஜிபி, நகல் வைத்தால் 80. இந்தத் தாளில் பாடி பாதிக்கு மேல் போனால் ஒரு படி கீழே உள்ள பாடியை எடுங்கள்.

மிகக் குறைந்த விலை சொல்லும் இடத்தில் ஜிஎஸ்டி எண்ணோடு, சீரியல் நம்பர் போட்ட பில் தருவார்களா என்று கேளுங்கள். கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், "பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்பதன் பொருள் பெரும்பாலும் இந்திய வாரண்டி இல்லாத கிரே மார்க்கெட் பீஸ். கடை வாரண்டி என்று ஒரு சீட்டைக் கொடுப்பார்கள், அது அந்தக் கடை திறந்திருக்கும் வரைதான். மெமரி கார்டை வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளில் முழுசாக எழுதிப் படித்துப் பாருங்கள், 128 என்று எழுதி உள்ளே 16 வைத்து விற்பவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் உண்டு, ஆன்லைனிலும் உண்டு.

பெட்டியைப் பிரித்த அன்றே சீரியல் நம்பரைப் பில்லோடு சரிபார்த்து, அந்தப் பேப்பர் ஒட்டிய சுவர் சோதனையையும் எஃப் 16 சோதனையையும் வாங்கிய பீஸிலேயே இன்னொரு தடவை செய்துவிடுங்கள், கடையில் பார்த்தது டெமோ பீஸ், கையில் இருப்பது வேறு. மூலை குழைந்திருந்தால் படத்தை பென் டிரைவில் போட்டுக்கொண்டு மறுநாளே கடைக்குப் போங்கள். அட்டைப்பெட்டி, உள்ளே இருந்த பிளாஸ்டிக் கவர், கம்பியைச் சுற்றியிருந்த டேக் வரைக்கும் எதையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள், மாற்றித் தரும்போது முதலில் கேட்பது அவற்றைத்தான்.